வளவில் பூக்கும் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே குடும்பமா?

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கட வளவில எருக்கலை, நந்தியாவட்டை, பவளமல்லி, மிளகாய்ப்பூ எல்லாம் நட்சத்திரம் மாதிரித்தான் கிடக்கு. இதெல்லாம் ஒரே குடும்பமா? கோலத்தில போடுற நட்சத்திரப்பூ இதில எது?" இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். வடிவம் ஒன்றென்றால் உறவும் ஒன்றா என்பதே அது. இல்லை. நீங்கள் சொன்ன நான்கில் எருக்கலையும் நந்தியாவட்டையும்தான் சொந்தக்காரர்கள். பழைய புத்தகங்கள் அவற்றையும் இரண்டு குடும்பமாகப் பிரித்திருந்தன, இப்போது ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பவளமல்லி மல்லிகையின் உறவு. மிளகாய் கத்தரிக்கும் தக்காளிக்கும் உறவு. கோலத்து நட்சத்திரமோ இந்த நான்கில் எதுவுமே இல்லை. அது புள்ளியிலிருந்து பிறந்தது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நட்சத்திரப் பூவைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முகத்தை மட்டும் பார்க்கிறார்கள். பூவை அடையாளம் காட்டுவது அதன் முதுகு. ஒன்றைப் பறித்துத் தலைகீழாகத் திருப்புங்கள். காம்பு சேரும் இடத்தில் பச்சையாக இருப்பது புல்லி, அதற்கு மேலே நிறமாக இருப்பது அல்லி. நட்சத்திரம் எந்த உறுப்பால் ஆனது என்பது அப்போது தெரிந்துவிடும். தக்காளிப் பழத்தின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே ஒரு பச்சை நட்சத்திரம், அது முழுக்கப் புல்லி. பூ உதிர்ந்த பிறகும் அது போகவில்லை. அடுத்து, ஒரு இதழை மட்டும் மெல்ல இழுத்துப் பாருங்கள். அது தனியாகக் கழன்று வந்தால் தனியிதழ்ப் பூ. வேம்பும் கறிவேப்பிலையும் அப்படி. இழுத்த இதழோடு மொத்தப் பூவும் குழாயாகக் கழன்று வந்தால் இணைந்த இதழ். பவளமல்லி, நந்தியாவட்டை, மிளகாய் மூன்றும் இந்த வகை. இணைந்த இதழ்ப் பூக்களில் நாம் எண்ணுவது இதழை அல்ல, ஒரே குழாயின் விளிம்பில் வெட்டுப்பட்ட மடல்களை. வேம்பையும் கறிவேப்பிலையையும் பூவை மட்டும் வைத்துப் பிரிக்க வேண்டுமானால் நடுவைப் பாருங்கள். வேப்பம்பூவில் கேசரங்கள், அதாவது மகரந்தம் தாங்கும் காம்புகள், எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் குழாயாக நிற்கும். கறிவேப்பிலையில் பத்தும் தனித்தனி.

முனைகளை எண்ணுவது அதற்குப் பிறகுதான். ஆறு முனையும், இலையில் நேர்கோடாக ஓடும் நரம்பும் இருந்தால் ஒருவித்திலைத் தாவரம் என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். விஷமூங்கில், வெங்காயப்பூ, மழை பெய்தவுடன் வளவெல்லாம் தலைநீட்டும் மழைலில்லி ஆகியவை இந்த வகை. கார்த்திகைப்பூவுக்கும் ஆறு இதழ்தான். அவை நெருப்பு நாக்கு மாதிரி மேல்நோக்கி வளைந்திருப்பதால் பலர் எண்ணுவதில்லை. அதன் கிழங்கு கடும் நஞ்சு, மற்றப் பாகங்களும் நஞ்சுதான். பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான்கு முனை என்றால் வெட்சி, அதாவது நர்சரியில் எக்ஸோரா என்று விற்பது. மற்றபடி நம் பக்கத்து வளவுகளில் ஐந்துதான் ஆட்சி. மல்லிகைச் சாதியில் மட்டும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரே கொடியில் ஐந்தும் ஆறும் எட்டும் வரும், பவளமல்லியிலும் அப்படியே. அங்கே நம்ப வேண்டியது கேசரத்தை. மல்லிகைக் குடும்பத்தில் இதழ் எத்தனை ஆனாலும் கேசரம் இரண்டுதான். பூக்குழாயை பிளேடால் நீளவாக்கில் கிழித்தால் தெரியும். அடுக்குப் பூக்களும் எண்ணுகிறவரை ஏமாற்றும். அடுக்கு நந்தியாவட்டையில் இதழ் கூடியிருக்கும், அடுக்குச் செவ்வரத்தையில் கேசரங்கள் இதழாக மாறியிருக்கும். அப்போதும் முதுகைத்தான் பார்க்க வேண்டும். புல்லி ஐந்து என்றால் பூவும் அடிப்படையில் ஐந்துதான்.

எருக்கலை பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கடற்கரை மணலில், மதிலோரத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே நிற்பதால் அதை யாரும் பூவாக மதிப்பதில்லை. உண்மையில் இந்தப் பக்கத்தில் இதைவிடத் திருத்தமான ஐந்துமுனைப் பூ வேறு இல்லை. மெழுகில் வார்த்தது மாதிரித் தடித்த ஐந்து மடல், நடுவில் ஐந்து தூண் போட்ட ஒரு சின்னக் கிரீடம், கிரீடத்தின் உச்சியில் தட்டையான ஐங்கோண மேடை. அந்த மேடையின் ஐந்து மூலைகளிலும் ஊசிமுனை அளவில் ஒரு கரும்புள்ளி இருக்கும். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லையென்றால் போன் கமராவைப் பெரிதாக்கினாலும் தெரியும். அந்தப் புள்ளிக்குக் கீழே ஒரு பிளவு ஓடுகிறது. மெல்லிய ஊசியை அந்தப் பிளவில் வைத்து மேல்நோக்கி இழுத்தால் கரும்புள்ளி ஊசியில் கவ்விக்கொள்ளும், கூடவே இரண்டு மஞ்சள் பைகள் தொங்கிக்கொண்டு வெளியே வரும். எருக்கலையின் மகரந்தம் தூளாக இருப்பதில்லை, இப்படிப் பொதியாகத்தான் இருக்கும். கறுத்த பெரிய தச்சுத்தேனீயின் கால் பிளவில் மாட்டி, கிளிப் போட்டது போல் அந்தப் பொதியைக் கழற்றிக்கொண்டு போகும். முதல் தடவை ஊசி வழுக்கிவிடும். காலையில் புதிதாக விரிந்த பூவில் செய்தால் சுலபம், வாடிய பூவில் வராது. இதைச் செய்யும்போது பால் கையில் படும். அந்தக் கையால் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். எருக்கலம்பால் கண்ணில் பட்டால் வலி பெரிதாக இல்லாமலே பார்வை மங்கும். வலிக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடுவதுதான் ஆபத்து. சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இந்த ஊசி வேலையைக் கொடுக்கவே வேண்டாம்.

இதே குடும்பத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. மொட்டில் இதழ்கள் குடை மடக்கியது போல் முறுக்கியிருப்பதால் விரியும்போது காற்றாடி போல ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். எந்தப் பக்கம் சாய்வது என்பது செடியின் விருப்பம் அல்ல, பரம்பரை. வீதியோரத்தில் நிற்கும் ரோஸ் நிற அலரியில் ஒரு தனிப்பூவும், நந்தியாவட்டையில் ஒரு தனிப்பூவும் எடுத்து, முகம் மேலே இருக்கப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழலும். பட்டிப்பூ, மஞ்சள் அலரி, கோவில் வீதிகளில் நிற்கும் தடித்த கிளை அலரி எல்லாம் நந்தியாவட்டையின் பக்கம். அலரி என்ற பெயர்தான் குழப்பம். கொழும்பில் அலரி மாளிகை என்று சொல்லும்போது குறிப்பது அந்தத் தடித்த கிளை மரத்தை, வீதியோர ரோஸ் அலரியை அல்ல. ரோஸ் அலரியும் மஞ்சள் அலரியும் வேரிலிருந்து விதை வரை நஞ்சு. தொட்டால் கையைக் கழுவிவிட வேண்டும்.

மிளகாய், கத்தரி, தக்காளி, சுண்டை நான்கின் பூவையும் ஒரு தட்டில் வைத்தால் ஒரே முகச்சாயல் தெரியும். ஐந்து முனை விரிந்திருக்க நடுவில் கேசரங்கள் நெருங்கி நிற்கும். தக்காளியில் அது மஞ்சள் கூம்பு. கத்தரியிலும் சுண்டையிலும் கேசரப்பை நுனியில் மட்டும் இரண்டு சின்னத் துவாரம் இருக்கும். தேனீ கவ்விப்பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் உப்புப்போத்தலில் இருந்து உப்பு கொட்டுவது மாதிரி மகரந்தம் கொட்டும். களுதாவளைப் பக்கத் தோட்டக்காரர்கள் "கத்தரிப்பூ கொட்டுது" என்று மருந்து தேடுவதற்கு முன் பூவின் நடுவைப் பார்க்க வேண்டும். காயாகும் பகுதியிலிருந்து எழும் சூல்தண்டின் நுனி மஞ்சள் கேசரங்களைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பூ காய்க்கும். கேசரங்களுக்குள் புதைந்து குட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் உதிரும். ஒரே செடியில் இரண்டு வகையும் இருக்கும். குட்டைத்தண்டுப் பூ உதிர்வது நோய் அல்ல. பப்பாசியிலும் இப்படி ஒரு பயன் உண்டு. நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் ஒல்லி நட்சத்திரங்கள் ஆண். தண்டோடு ஒட்டி, தனித்தனி ஐந்து இதழோடு, அடியில் பருத்து நிற்பது பெண். பழத்தைக் குறுக்காக வெட்டினால் உள்ளே வெற்றிடமும் ஐந்துமுனையாக இருக்கும். பூவின் கணக்கு பழத்தில் மறைவதில்லை.

வேடம் போடுகிறவையும் உண்டு. கடதாசிப்பூவில் நாம் பூ என்று நினைக்கும் மூன்று நிறத்தாள்களும் இலைகளே. ஒவ்வொரு தாளிலும் ஒட்டிக்கொண்டு மெல்லிய குழாய் ஒன்று நிற்கும், அதன் நுனியில் பால்வெள்ளையில் ஒரு குட்டி நட்சத்திரம் விரியும். அதுதான் பூ. அதற்கும் அல்லி கிடையாது, புல்லியே நட்சத்திரமாகியிருக்கிறது. மூக்குத்திப்பூ, அதாவது வெட்டுக்காயப் பூண்டு, இதற்கு மறுபக்கம். சுற்றியிருக்கும் ஐந்து "இதழும்" தனித்தனிப் பூக்கள். நடுவில் உள்ள மஞ்சள் பொட்டு டசின் கணக்கான பூக்களின் கூட்டம், அதில் ஒன்றை ஊசியால் கிளறி எடுத்துப் பார்த்தால் அதுவும் ஐந்துமுனை நட்சத்திரம்.

வளவைத் தாண்டினால் நேரம் முக்கியம். புடலையின் பூ பொழுது சாய்ந்த பிறகே விரியும். ஐந்து மடலின் ஓரமும் நூல்நூலாகப் பிரிந்து சுருண்டு கிடக்கும். டோர்ச் பிடித்துப் பார்க்க வேண்டியது, காலையில் போனால் ஈரத்துணி மாதிரி வாடிக் கிடக்கும். வாவியோரச் சதுப்பில் நிற்கும் கிண்ணையும், சிங்களத்தில் கிரல என்பது, இரவுப் பூதான். விடியும்போது கேசரங்கள் கொட்டிவிடும். ஆனால் அதன் உண்மையான நட்சத்திரம் பிறகுதான் தெரியும். பச்சைக் காயின் அடியில் ஆறு முதல் எட்டு முனையோடு தட்டு மாதிரி விரிந்து நிற்கும் தடித்த புல்லி அது. கண்டல் காயின் தலையிலும் நான்குமுனைப் புல்லி அப்படியே இருக்கும். பகலில் வாவியில் தோணி ஏறுகிறவர்கள் பூவைத் தேடாமல் காயைத் தேடினால் ஏமாற்றம் இல்லை.

உப்புத்தண்ணீரை விட்டு உன்னிச்சை, நவகிரிப் பக்கக் குளங்களுக்குப் போனால் ஆம்பல் இருக்கும். நீல ஆம்பலான நீலோற்பலம் 1986 இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அது பகலில் விரியும், இதழ்கள் கூராக இருப்பதால் தூரத்தில் அசல் நட்சத்திரம். இரவில் விரியும் வெள்ளை ஆம்பலை இலையைத் திருப்பிப் பிரிக்கலாம். விளிம்பு அரம் மாதிரிப் பல்லோடும் அடிப்பக்கம் மயிரோடும் இருந்தால் அது வெள்ளை ஆம்பல். நீலோற்பலத்தின் இலை விளிம்பு ஏறக்குறைய மழுப்பமாகவோ இலேசான அலையாகவோ இருக்கும். தாமரையோடு குழம்பவே தேவையில்லை. தாமரை இலையில் காம்பு நடுவில் சேரும், ஆம்பல் இலையில் ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும்.

அம்பாறைக் காடுகளில் அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்ப்பது பலன் தரும், ஏனென்றால் காட்டு மரங்களின் பூ கைக்கு எட்டாது, நிலத்தில்தான் கிடைக்கும். மகிழமரத்துக்குக் கீழே கிடக்கும் பூவை எடுத்தால் நடுவில் துவாரத்தோடு ஒரு வளையமாக இருக்கும், அதனால்தான் ஊசி இல்லாமலே மாலை கோக்க முடிகிறது. முனைகளை எண்ணினால் 24 வரும். எட்டு மடல், ஒவ்வொன்றின் முதுகிலும் மடல் போலவே இரண்டு ஒட்டுகள், ஆக எட்டு மூன்று. பாலை மரம் இதன் சொந்தம். அங்கே கணக்கு ஆறு மூன்று, பதினெட்டு. வாடிக் கசங்கிய பூவில் இதை எண்ண முடியாது. ஒரு சிரட்டைத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவிட்டு எண்ணுங்கள்.

ஐந்து ஏன் இவ்வளவு பரவலாக வருகிறது என்பதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்கிறேன். மொட்டில் புல்லிகள் ஒரே நேரத்தில் பிறப்பதில்லை, பல செடிகளில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சுருளாகப் பிறக்கின்றன. அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே கோணம் ஏறக்குறைய 144 பாகை. இப்படி ஐந்து கோணம் சேர்ந்தால் இரண்டு சுற்று முடிந்துவிடும். இதற்கான தடயம் ரோசா மொட்டில் தெரியும். ஐந்து புல்லியில் இரண்டு முழுக்க வெளியே, இரண்டு முழுக்க உள்ளே, ஒன்று பாதி வெளியே பாதி உள்ளே மூடியிருக்கும். இவ்வளவும் பார்த்துச் சரிபிடிக்கக்கூடியது. ஆனால் நான்கையோ ஏழையோ விட்டு ஐந்தே இத்தனை குடும்பங்களில் ஏன் நிலைத்தது என்பதற்கு எல்லோரும் ஏற்ற விடை இன்னும் இல்லை. பஞ்சபூதம், பொன்விகிதம் என்று விளக்குகிற காணொளிகளைக் கேட்டு மகிழலாம், தாவரவியலாக எடுக்க வேண்டாம். படம் அனுப்பிப் பெயர் கேட்பதிலும் இதுபோல் ஒரு எல்லை உண்டு. முகத்தை மட்டும் எடுத்த ஒரு படத்தை வைத்துக் குடும்பம் சொல்வதே பல நேரம் குறிசொல்வது மாதிரி ஊகம்தான். முகம், பக்கவாட்டு, முதுகு, இலை, முழுச் செடி என்று ஐந்து படம், அளவுக்கு ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி, இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா என்ற தகவல். இவ்வளவும் இருந்தால் பதில் உறுதியாகும். வெள்ளைப் பூவை உச்சிவெயிலில் எடுத்தால் மடல் எல்லாம் ஒன்றாக வெளுத்துப் போகும். காலை ஏழுமணி நிழலில் எடுங்கள், போனில் வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள்.

இனிக் கோலம். புள்ளிக் கோலத்தில் புள்ளி வைப்பது இரண்டு முறையில். நேர்ப்புள்ளி சதுரக்கட்டம், அதில் நான்கும் எட்டும் இயல்பாக வரும். ஊடுபுள்ளி முக்கோணக்கட்டம், அதில் மூன்றும் ஆறும் வரும். சீரான ஐந்துமுனை இரண்டிலும் வராது. இது கை திறமையின் குறை அல்ல, சீராகத் திரும்பத் திரும்ப வரும் கட்டத்தில் ஐந்தின் சுழற்சி பொருந்தாது என்பது கணிதத்தில் நிறுவப்பட்டது. அதனால்தான் வளவெல்லாம் ஐந்துமுனைப் பூவாக இருந்தும் பொங்கல் முற்றத்தில் ஆறுமுனையும் எட்டிதழும் பூக்கின்றன. எட்டிதழ்த் தாமரையும் அசல் தாமரையைப் பார்த்து எண்ணியது அல்ல. வட்டத்தைப் பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று கயிறு பிடித்தால் எட்டு கிடைக்கும். காத்தான்குடி, கல்முனைப் பக்கப் பள்ளிவாசல்களில் ஓட்டிலோ சாளரத்திலோ எண்முனை நட்சத்திரம் கண்டால் அதுவும் ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்த வடிவம். அதில் மல்லிகை தெரிந்தால் அது நாமே கற்பனை செய்துகொள்வதுதான்.

எருக்கலம்பூவைத் தரையில் போட ஆசை என்றால் கட்டத்தை விட்டுக் கதிர்ப்புள்ளிக்குப் போக வேண்டும். நடுவில் ஆணி அடித்து 85 சென்ரிமீற்றர் கயிற்றால் வட்டம் போடுங்கள். பிறகு சரியாக ஒரு மீற்றர் கயிறு எடுத்து, வட்டத்தின் மேல் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நேராக இழுத்து ஐந்து தடவை குறியுங்கள். தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும், அரை சென்ரிமீற்றர் அளவில்தான் பிசகும். தாளில் என்றால் 17 சென்ரிமீற்றரும் 20 சென்ரிமீற்றரும். நடுவிலிருந்து ஐந்து குறிக்கும் கதிர் இழுத்து, கதிருக்கு நான்கு புள்ளி வையுங்கள். முதல் கதிரில் உள்ளிருந்து முதலாம் புள்ளி, அடுத்த கதிரில் மூன்றாவது, அதற்கடுத்ததில் இரண்டாவது, பிறகு நான்காவது, மறுபடி முதலாவது என்று ஒவ்வொரு கதிராகத் தாண்டிக்கொண்டே இழுத்தால் இருபது புள்ளியையும் தொட்டு ஒரே கோடு மூடிக்கொள்ளும். இது இருதய கமலம் என்ற கோலத்தின் முறைதான். அதில் எட்டுக் கதிரும் கதிருக்கு ஐந்து புள்ளியும் இருக்கும், 1, 3, 5, 2, 4 என்று போகும். பலர் விடும் பிழை, பழக்கத்தில் ஐந்து கதிருக்கும் ஐந்து புள்ளி வைத்துவிடுவது. அப்போது ஐந்தாவது இழுப்பிலேயே கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து மூடிவிடும், இருபது புள்ளி அநாதையாக நிற்கும். கதிர் எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் ஒன்றைத் தவிரப் பொதுவாக வகுக்கிற எண் இருக்கக் கூடாது.

கயிறும் ஆணியும் கைவசம் இல்லையென்றால் தென்னங்குருத்தோலை போதும். ஈர்க்கை நீக்கி, இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கிழித்து, சாதாரண ஒற்றை முடிச்சுப் போட்டு, மடிப்பு உடையாமல் மெல்ல இறுக்கித் தட்டையாக்குங்கள். முடிச்சு தானாகவே சீரான ஐங்கோணமாகிவிடும். முற்றிய ஓலை மடிப்பில் வெடிக்கும், அதற்குக் குருத்துத்தான் சரி. அதை வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே நட்சத்திரக் கோடுகள் நான்கு தெரியும். ஒரு வாலை எடுத்து முடிச்சின் குறுக்கே இன்னொரு தடவை மடித்துப் பிடித்தால் ஐந்தாவதும் வந்துவிடும்.